பரிசு கொடுத்தால் போதாது, படியளக்க வேண்டும்

தமிழில் இலக்கிய விருதுகளுக்குப் பஞ்சம் இல்லை. ஏதாவதொரு ஊரில், ஏதாவதொரு அறக்கட்டளை, மறைந்த தாய் தந்தையின் நினைவாகவோ நிறுவனரின் பிறந்தநாளை முன்னிட்டோ ஒரு கவிஞருக்கோ நாவலாசிரியருக்கோ பொன்னாடை போர்த்திக் காசோலை வழங்கிக்கொண்டே இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. எழுத்தால் பிழைக்க முடியாத மொழியில் ஒரு லட்சம் ரூபாய் என்பது வீட்டில் ஒரு கடனை அடைக்கும், மகளின் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டும். அந்த மேடை எழுத்தாளருக்குத் தன் ஊராரிடம் ஒரு மதிப்பையும் வாங்கித் தருகிறது.

ஆனால், விருது வந்து சேரும்போது வேலை முடிந்துவிட்டிருக்கிறது. நாவல் எழுதப்பட்டுவிட்டது, சுவடி பதிப்பிக்கப்பட்டுவிட்டது, கூத்துக் கலைஞருக்கு எழுபது வயது ஆகிவிட்டது. வேலை நடந்த இருபது ஆண்டுகளில் அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று கேட்க அப்போது யாரும் இல்லை. முடிந்த வேலைக்குப் பரிசளிப்பது ஒன்று. நடக்கும் வேலைக்கு மாதாமாதம் படியளப்பது வேறொன்று. தனியார் பணத்தால் தமிழும் தமிழ்நாட்டு அறிவியலும் பெற்ற நிலைத்த செல்வங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வழியில் வந்தவை.

இராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். கல்லூரித் தேர்வில் தோற்று, வேலை தேடி அலைந்த அந்த இளைஞர் நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவிடம் தன் குறிப்பேடுகளோடு போய் நின்றார். கணிதத்தில் ஈடுபாடுள்ள அந்த அதிகாரி தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அனுப்பத் தொடங்கினார். சுமார் ஓராண்டு அது நீடித்தது. இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது 1911இல், அந்தக் காலகட்டத்தில்தான். துறைமுக அலுவலக எழுத்தர் வேலை, பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை, ஹார்டியின் கடிதம், கேம்பிரிட்ஜ் எல்லாம் பிறகு வந்தவை. முதலில் வந்தது, ‘நீ கணக்குப் போடு, சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே’ என்று ஒருவர் சொன்ன சொல்.

அதே சென்னையில் இன்னொரு வரலாறு. வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற அறப்பணம் வழக்குகளில் சிக்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. நீதிமன்றம் தலையிட்ட பிறகு, 1842இல் அந்தப் பணத்தில் பள்ளி தொடங்கியது. அந்தக் கல்விக்கூடத்தில் தமிழ்ப் பண்டிதராக இருந்த ஆ. சிங்காரவேலு முதலியார், பள்ளிச் சம்பளத்தில் குடும்பம் நடத்திக்கொண்டு, தனி ஒருவராக ‘அபிதான சிந்தாமணி’ என்ற கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். அச்சிட யாரும் முன்வரவில்லை. கடைசியில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவில் 1910இல் அது வெளிவந்தது. ஒரு வணிகரின் உயில் கொடுத்த சம்பளமும் ஒரு ஜமீன்தார் கொடுத்த அச்சுக்கூலியும் சேர்ந்து உருவான நூல் அது. நூறாண்டுக்கு மேலாகியும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊருக்கு வந்தது. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிறுவனம் திறக்கப்பட்டது. கோவையில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கென ஒதுக்கினார்கள். அந்த அறக்கட்டளையின் கல்வி நிறுவனங்களை வளர்த்த ஜி.ஆர்.தாமோதரன் தொடங்கிய ‘கலைக்கதிர்’ மாத இதழ், அறிவியலைத் தமிழில் எழுத ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. துறைதோறும் கலைச்சொற்களைத் தொகுத்தும் வெளியிட்டது. சொத்தில் ஒரு பங்கு அறத்துக்கு என்று எழுதிவைக்கும் அந்த மனம் இன்றைய தொழில் குடும்பங்களிலும் உண்டு. ஆனால், அந்தப் பணம் பொறியியல் கல்லூரிக் கட்டடமாகவும் மருத்துவமனையாகவும்தான் பெரும்பாலும் எழுகிறது. ஒரு மொழியின் அறிவுச் சேமிப்புக்கு அது வந்து சேர்வது அரிது.

ரோஜா முத்தையாவின் கதை இதை முகத்தில் அறைந்து சொல்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர் அவர். பழைய புத்தகக் கடைகளிலும் வீடுகளிலும் தேடித் தேடிச் சேர்த்தார். நூல்கள் மட்டுமல்ல, இதழ்கள், நாடக நோட்டீசுகள், பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள், தனிப்பட்டவர்களின் கடிதங்கள் என்று எல்லாரும் குப்பையில் போடும் காகிதத்தையும் அவர் வரலாறாகப் பார்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். ஆய்வாளர்கள் கோட்டையூருக்குப் போய் அவர் வீட்டில் உட்கார்ந்து படித்தார்கள். 1992இல் அவர் காலமானதும் அந்தச் சேகரிப்பு என்னவாகும் என்ற கேள்வி எழுந்தது. கரையானும் பூச்சியும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அதை வாங்கிக் காப்பாற்றியது சிகாகோ பல்கலைக்கழகம், 1994இல். தமிழ்நாட்டில் பல்கலைக்கழகங்கள் இருந்தன, தமிழ் வளர்க்கும் அமைப்புகள் இருந்தன, கோட்டையூரைச் சுற்றியே தலைமுறைச் செல்வர்களின் அரண்மனை போன்ற வீடுகள் இருந்தன. பணம் மட்டும் கடல் கடந்து வந்தது. இந்த வருத்தத்தோடு நன்றியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சிகாகோ அந்தச் சேகரிப்பைக் கப்பலேற்றவில்லை. ‘மொழி’ என்ற அறக்கட்டளையின் துணையோடு சென்னையிலேயே நூலகம் அமைந்தது. நுண்படம் எடுப்பதற்குத் தமிழ்நாட்டு இளைஞர்களே பயிற்சி பெற்றார்கள். இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குச் சென்று 19ஆம் நூற்றாண்டு அச்சுநூல் ஒன்றை யாரும் கேட்டுப் படிக்கலாம்.

அந்த நூலகத்தின் பணிகளில் ஒன்றுக்கு உதவியது லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் ‘அழிவின் விளிம்பில் உள்ள ஆவணங்கள்’ திட்டம். அதற்குப் பணம் கொடுப்பது ஆர்கேடியா என்ற தனியார் அறக்கட்டளை. பால் அடைத்து விற்கும் அட்டைப் பெட்டியைப் பரப்பிய டெட்ரா பேக் குடும்பத்தின் வாரிசு லிஸ்பெட் ரௌசிங்கும் அவர் கணவர் பீட்டர் பால்ட்வினும் நிறுவியது. 2004 முதல் உலகெங்கும் அழியும் ஆவணங்களைப் படமெடுக்க அது நல்கை தருகிறது. விதிகள் எளியவை, நியாயமானவை: மூல ஆவணம் அந்த நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது, படங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்க வேண்டும், கருவிகளும் பயிற்சியும் உள்ளூரிலேயே தங்க வேண்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இந்த நல்கையைப் பெற்று, தமிழகக் கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்து ஆவணங்களைத் தேடிப் படமெடுத்தது. வரப்புத் தகராறு, சாதி மன்றத்தின் தீர்ப்பு, குடும்பப் பாகம் என ஊரார் தங்களுக்குள் எழுதிவைத்த காகிதங்கள் அவை. பரண்களிலும் மரப்பெட்டிகளிலும் கிடந்தவை. நம் கிராமங்களின் சட்ட வரலாற்றை எழுத நினைப்பவர் இனி அவற்றைப் பார்க்காமல் எழுத முடியாது. அந்தப் பரண்களுக்கு அடியில் வாழும் நாம் அதற்கு ஒரு நிதியை ஏற்படுத்தவில்லை என்பது என்னை உறுத்துகிறது.

படியளப்பு எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதற்கு ஐராவதம் மகாதேவனின் வாழ்க்கையைச் சொல்வேன். ஆட்சிப் பணி அதிகாரியாக இருந்துகொண்டு கல்வெட்டு ஆய்வில் இறங்கியவர். 1970இல் ஜவாஹர்லால் நேரு நினைவு நிதியத்தின் ஆய்வு நல்கை அவருக்குக் கிடைத்தது. கோப்புகளிலிருந்து விடுபட்டுச் சிந்துவெளிக் குறியீடுகளில் மூழ்க அது வழிசெய்தது. குறியீடுகளை வரிசைப்படுத்த டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கணினி உதவியது. 1977இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட அவருடைய தொகுப்பு, சிந்துவெளி எழுத்தை ஆராயும் உலகின் எந்த அறிஞரும் கைக்கருகில் வைத்திருக்கும் நூல்.

அந்த டாடா கழகம் எப்படிப் பிறந்தது? 1944இல் ஹோமி பாபா சர் தோராப்ஜி டாடா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அடிப்படை அறிவியலுக்கென இந்தியாவில் ஒரு கூடம் வேண்டும் என்றார். அறக்கட்டளை ஒப்புக்கொண்டது, 1945இல் கழகம் தொடங்கியது. அணு ஆற்றலும் துகள் இயற்பியலும் நினைவில் இருந்த அந்தக் கடிதத்தின் பயனாய் எழுந்த நிறுவனம், முப்பது ஆண்டு கழித்துச் சிந்துவெளி முத்திரைகளை எண்ணிக் கொடுத்தது. கொடையாளர் இதை முன்கூட்டி நினைத்திருக்க முடியாது. நல்ல அறக்கட்டளை, தன் பணம் எங்கெல்லாம் போய்ப் பயன்தரும் என்று தெரியாமலேயே கொடுக்கிறது. மகாதேவன் பிற்காலத்தில் முன்னின்று, ரோஜா முத்தையா நூலகத்தில் 2007இல் சிந்துவெளி ஆய்வு மையம் உருவானது. நல்கை பெற்றவரே அடுத்த தலைமுறைக்கு ஆய்வுக்கூடம் அமைக்கத் துணைநின்ற நிகழ்வு அது.

அறிவியலில் சென்னைக் கணிதக் கழகத்தை நான் மிகுந்த பெருமையோடு குறிப்பிடுவேன். உரம் தயாரிக்கும் ஸ்பிக் நிறுவனத்தின் அறிவியல் அறக்கட்டளை 1989இல் கணிதத்துக்கென ஒரு சிறு பள்ளியைத் தொடங்கியது. தலைமை ஏற்றவர் இயற்கணித வடிவியலில் உலகப் புகழ்பெற்ற சி.எஸ்.சேஷாத்ரி. உரக் கம்பெனிக்கு இயற்கணித வடிவியலால் ஒரு மூட்டைகூடக் கூடுதலாக விற்காது. ஆனாலும் கொடுத்தார்கள். 1998இல் இளங்கலை வகுப்பு தொடங்கியபோது, ஆராய்ச்சியாளர்களே முதலாண்டு மாணவருக்குப் பாடம் நடத்தினார்கள். அந்தப் படிப்புக்குப் பட்டம் வழங்கத் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதுவும் கைகொடுக்கவில்லை. போபாலில் உள்ள போஜ் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான் வழங்கப்பட்டது. 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி வந்தது. ‘ஸ்பிக் கணிதக் கழகம்’ என்றிருந்த பெயர் அதற்கு முன்பே ‘சென்னைக் கணிதக் கழகம்’ ஆகிவிட்டது. பிறகு அணுசக்தித் துறை, ஸ்ரீராம் குழுமம், இன்ஃபோசிஸ் அறக்கட்டளை என்று பலர் தோள் கொடுத்தார்கள். முதல் கொடையாளரின் பெயர் பலகையிலிருந்து போனது, நிறுவனம் நின்றது. ஒரே கொடையாளரின் செல்வநிலையைச் சார்ந்திருக்கும் அமைப்பு அவருடைய தொழில் சரிந்தால் தானும் சரியும். அந்த ஆபத்தைத் தாண்ட இதுதான் வழி.

இலக்கியத்துக்கும் மொழிக்கும் இப்படியொரு வலுவான பின்புலம் வாய்க்கவில்லை. க்ரியா ராமகிருஷ்ணன் 1974இல் தொடங்கிய சிறிய பதிப்பகத்திலிருந்துதான் ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ 1992இல் வந்தது. இன்றைய தமிழர் பேசும், எழுதும் சொற்களை எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு விளக்கிய அகராதி. அதற்கு முன் பெரிய முயற்சி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதிதான். அது 1936இல் முடிந்தது. மொழி மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே அகராதி முடியாத வேலை. ராமகிருஷ்ணன் 2008இல் விரிவாக்கிய பதிப்பைக் கொண்டுவந்தார். மூன்றாம் பதிப்பு 2020இல், அவர் கொரோனாவால் மருத்துவமனையில் கிடந்த நாள்களில் வெளிவந்தது. அந்த நவம்பரிலேயே காலமானார். ஒரு பதிப்பாளரின் உயிர்மூச்சில் எட்டுக் கோடிப் பேரின் மொழிக்கு அகராதி நிற்பது எந்த வகையிலும் சரியல்ல. அங்கே இருந்திருக்க வேண்டியது, நிரந்தரச் சம்பளம் பெறும் ஒரு குழு.

விருதுகளிலும் சில, பரிசு என்ற எல்லையைக் கடந்தவை. 1970இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, அந்தந்த மாதம் இதழ்களில் வந்த கதைகளையெல்லாம் படித்து மாதத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முடிவில் அவற்றைத் தொகுத்து நூலாக்கியது. அந்தத் தொகுப்புகளை வரிசையாக அடுக்கினால் தமிழ்ச் சிறுகதையின் அரை நூற்றாண்டுத் தடம் தெரியும். செலவு குறைவு, தேவைப்பட்டது ஒழுங்கு. அகிலனும் ஜெயகாந்தனும் பெற்ற ஞானபீட விருதை வழங்கும் பாரதிய ஞானபீடம், சாஹு ஜெயின் குடும்பம் 1944இல் தொடங்கியது. பழஞ்சுவடிகளைப் பதிப்பிப்பதுதான் அதன் தொடக்க நோக்கம். விருதைப் பற்றி நினைத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. பெங்களூரின் நியூ இந்தியா அறக்கட்டளை, தமிழ் உட்படப் பத்து மொழிகளின் புனைவல்லாத நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆறு மாதத்துக்கு ஆறு லட்சம் ரூபாய் நல்கை அறிவித்தது. மொழிபெயர்ப்பாளர் வேலை செய்யும்போதே பணம் பெறுகிறார். அதுதான் வேறுபாடு.

கொடுக்க மனமுள்ள நிறுவனங்களின் கையையும் நம் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 2014 முதல் பெரிய நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஏழாம் அட்டவணை பண்பாட்டுப் பாரம்பரியம், கலை, பொது நூலகம், மரபுக் கலைகள் ஆகியவற்றை அனுமதிக்கிறது. ஆக, வாசல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, பல்லாண்டுத் திட்டம் என்றாலும் தொடங்கும் ஆண்டைத் தவிர மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அதோடு, ஓர் அமைப்பின் நிரந்தர மூலநிதிக்குக் கொடுக்கும் பணம் சமூகப் பொறுப்புச் செலவாகவே ஏற்கப்படாது. அகராதிக்கு மூன்றாண்டு எதற்குப் போதும்? சொற்களைச் சேகரிக்கும் அட்டையைத் தயாரிக்கப் போதும். ஆவணக் காப்பகத்துக்கு? கருவி வாங்கி, ஆளைப் பழக்கி, அவர் திறமை பெற்ற மாதத்தில் வேலையைவிட்டு அனுப்பப் போதும். மார்ச் மாதத்துக்குள் கணக்கு முடிக்க வேண்டிய அவசரத்தில் நிறுவனங்கள் ஸ்மார்ட் வகுப்பறையையும் கழிப்பறையையும் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை. அவையும் தேவைதான். ஆனால் மொழி வேலை அந்த நாள்காட்டிக்குள் அடங்காது.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில், ஒரு நந்தா விளக்கு எரிக்க 90 ஆடோ 96 ஆடோ கொடுத்து, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று எழுதிவைத்தார்கள். மந்தையை இடையர் பராமரிப்பார். குட்டிகளால் எண்ணிக்கை குறையாது. நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு வரும். கொடுத்தவர் இறந்த பிறகும் விளக்கு எரியும். மூலத்தைத் தொடாமல் விளைச்சலை மட்டும் செலவழிக்கும் இந்த ஏற்பாட்டின் மீதுதான் உலகின் பெரிய பல்கலைக்கழகங்கள் நிற்கின்றன. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைக்க 60 லட்சம் டாலர் தேவைப்பட்டதும் இதற்குத்தான். அமெரிக்காவில் வாழும் இரண்டு தமிழ் மருத்துவர்கள் தலைக்கு 5 லட்சம் டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தார்கள். உலகத் தமிழர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். தமிழக அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. 2018இல் இலக்கு நிறைவேறியது.

ஹார்வர்டுக்காக முடிந்தது தரமணிக்காக ஏன் முடியாது? இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டுத் தொழில் குடும்பங்களிடமும் வெளிநாடுவாழ் தமிழரிடமும் மனம்விட்டுக் கேட்கிறேன். ஈழத்தமிழர் இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டதைக் கண்ட சமூகம் அது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், தன்னார்வலர் உழைப்பிலும் புலம்பெயர்ந்தோரின் சிறு நன்கொடைகளிலும் வளர்ந்து, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறது. பெரும் செல்வர் எவரும் இல்லாமலே செய்தார்கள்.

‘இதையெல்லாம் அரசு செய்யக் கூடாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. அரசும் செய்ய வேண்டும். ஆனால் அரசின் ஆர்வம் ஆட்சியோடு மாறும். எந்த ஆய்வு முடிவு யாருக்குப் பிடிக்கும் என்ற கணக்கும் அங்கே நுழையும். தனியார் கொடையாளருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. தன் சாதி வரலாற்றை எழுதச் சொல்பவர், தன் தாத்தாவின் கவிதைகளைச் செம்பதிப்பாகக் கேட்பவர், ஆய்வாளர் எழுதியதைத் திருத்தச் சொல்பவர் எல்லாரும் இருக்கிறார்கள். அதற்காகத்தான் கொடையாளர் ஒருவராக இருக்கக் கூடாது. தேர்வுக் குழுவில் அவர் உட்காரக் கூடாது. கணக்கைக் கேட்கலாம், கருத்தைக் கேட்கக் கூடாது. ஆர்கேடியாவும் டாடாவும் ஸ்பிக்கும் பெற்ற மதிப்பு, கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றதால் வந்தது.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. மொழி, சுவடி, ஆவணம், அடிப்படை அறிவியல் ஆகியவற்றுக்கான மூலநிதிக்குத் தரும் கொடையைச் சமூகப் பொறுப்புச் செலவாக ஏற்கும்படி விதியை மாற்ற, தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பலாம். கட்சி வேறுபாடு இதில் குறுக்கே நிற்கக் காரணமில்லை. தனியார் ஒரு ரூபாய் வைத்தால் தானும் ஒரு ரூபாய் வைப்பதாக மாநில அரசு அறிவிக்கலாம். ஆண்டுதோறும் விருது விழா நடத்தும் அறக்கட்டளைகள், ஐந்து விழாக்களின் மண்டப வாடகையையும் விருந்துச் செலவையும் சேர்த்து, ஓர் இளம் பதிப்பாசிரியருக்கு மூன்றாண்டுச் சம்பளம் கொடுத்துப் பார்க்கலாம். ஓலைச்சுவடி படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவருகிறார்கள். தெரிந்த முதியவரிடம் இரண்டு பேரை அனுப்பிக் கற்றுக்கொள்ள வைக்க ஒரு சிற்றூர்த் தொழிலதிபரின் வசதியே போதும். அகராதிக் குழுவுக்கு ஐந்து பேர், காப்பகங்களுக்குப் பத்துப் பேர், அறிவியலைத் தமிழில் எழுத ஐந்து பேர், ஓய்வு பெறும் வயதுவரை சம்பளம்: தமிழரின் செல்வத்தில் இது ஒரு துளி. அந்த இருபது பேருக்கான முதல் மூலநிதியை யார் வைக்கப்போகிறார்கள் என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது.